இரண்டு தீ கண்ட தண்ணீர்

வாலை என்றால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எங்கள் சங்கரன்கோவிலில் கேட்டால் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தப்பில்லை. வாலை என்பது அம்பாளின் இளம் பருவத்துப் பெயர்தான். ஆனால் பழைய சித்த வைத்தியர் ஒருவரிடம் போய் அதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவர் பரணிலிருந்து ஒரு பாத்திரத்தை இறக்கிக் காட்டுவார். அடியிலே ஒரு பானை, மேலே ஒரு மூடி, மூடியின் பக்கத்தில் ஒரு மூக்கு. பானையில் சரக்கைப் போட்டுக் கொதிக்க வைத்தால் ஆவி மேலே போகும். மூடியில் குளிர்ந்து, மூக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். இந்தப் பாத்திரத்துக்கும் வாலை என்றே பெயர். அதிலிருந்து இறங்குகிற நீருக்குத் தீநீர் என்று பெயர். சித்த வைத்தியத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகளை 32 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் தீநீரும் ஒன்று. குழந்தைக்கு வயிறு உப்பினால் பாட்டிமார் புகட்டுகிற ஓமத் தண்ணீர் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான்.

தீயில் பிறந்த நீர், தீநீர். எவ்வளவு பொருத்தமான பெயர், பாருங்கள்! ஆனால் நான் இப்போது சொல்ல வந்தது ஒரு முறை தீயைக் கண்ட நீரைப் பற்றி அல்ல. இரண்டு முறை கண்ட நீரைப் பற்றி. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது தெரியாமல் எங்கள் தெருவில் ஒருவர் தம் உயிரோடு விளையாட இருந்தார். அதனால்தான் உங்களிடம் இதைச் சொல்ல வேண்டுமென்று தோன்றிற்று.

நான் பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவன். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உப்புத் தண்ணீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து, நல்ல தண்ணீர் எடுத்துக் காட்டியிருக்கிறேன். என் மனைவிக்கு இந்த வித்தையில் நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. எங்கள் பெண்ணின் நிச்சயதார்த்தம் நெருங்கியபோது அது வெளியே வந்துவிட்டது.

“கடையிலே வாங்குகிற பன்னீரில் எசென்ஸ் வாசனைதான் வருகிறது. 31 வருஷம் ஊரார் பிள்ளைகளுக்குத் தண்ணீர் காய்ச்சிக் காட்டினீர்களே, சொந்தப் பெண்ணுக்கு ஒரு பாட்டில் பன்னீர் வடிக்கத் தெரியாதா?”

இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிப் புண்ணியமில்லை என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். மறுநாள் காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து மல்லிகையும் பிச்சியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவற்றுக்கு நடுவே பன்னீர் ரோஜாவும் கொஞ்சம் அகப்பட்டது.

அரைக் கிலோ இதழ், நாலு லிட்டர் தண்ணீர், ஒரு செம்புப் பானை. மூடிக்கும் பானைக்கும் நடுவே ஆவி கசியக் கூடாதே! பழைய வேட்டித் துணியில் களிமண்ணைக் குழைத்துப் பூசி, சுற்றி ஒட்டினேன். இதற்கு வைத்தியர்கள் சீலைமண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூடியிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டுக் குளிர்ந்த தண்ணீர் வாளிக்குள் புகுந்து மறுபுறம் வெளியே வந்தது. அடுப்பைப் பற்ற வைத்தேன். ஒரு லிட்டர் இறங்கியதும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் விட்டால் ரோஜா வாசனை போய் வெந்த கீரை வாசனை வரும்.

மனைவி வந்து முகர்ந்து பார்த்தாள். “ரோஜா எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது” என்றாள்.

உண்மைதான். முதல் வடிப்பு அப்படித்தான் இருக்கும். வாசனையோடு தண்ணீரும் ஏராளமாக ஏறி வந்துவிடும். ஆகவே அதை மூடி வைத்துவிட்டு, மறுநாளும் அதே போல ஒரு லிட்டர், அதற்கு மறுநாளும் ஒரு லிட்டர் என்று ஆறு நாள் வடித்தேன். ஏழாம் நாள், பானையைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவி, அந்த ஆறு லிட்டரையும் ஒன்றாக ஊற்றினேன். இந்த முறை இதழ் ஒன்றுகூட இல்லை. தீயைச் சிறிதாக வைத்தேன். சொட்டும் இடத்தில் டம்ளர்களை வரிசையாக வைத்து, ஒன்று நிறைந்ததும் அடுத்ததை நகர்த்தினேன். முதல் ஐந்தாறு டம்ளரில் வாசனை ஆளைத் தூக்கிற்று. பத்தாவதில் தணிந்தது. பதினைந்தாவதில் இருந்தது வெறும் வெந்நீர்தான். ஆறு லிட்டருக்குள் பரந்து கிடந்த மணத்தில் பெரும்பகுதி ஒரு லிட்டருக்குள் வந்து ஒடுங்கிவிட்டது. மனைவி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலைக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதுதான் எனக்குக் கிடைத்த பட்டம்.

ஏன் இரண்டு தடவை வடிக்க வேண்டும் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நெல் குத்துகிறவர்கள் முதலில் உமி போகக் குத்துவார்கள். பிறகு அரிசியைத் தீட்டுவார்கள். உமியோடு சேர்த்துத் தீட்ட முடியுமா? அப்படித்தான் இதுவும். முதல் வடிப்பின் வேலை, குப்பையையும் சக்கையையும் பின்னே விட்டுவிட்டு வேண்டியதை மொத்தமாக வாரிக்கொண்டு வருவது. அதில் வேகம் இருக்கலாம். பொறுக்கி எடுக்கும் வேலை இல்லை. இரண்டாம் வடிப்பில்தான் நிதானம். எந்த டம்ளர் வரையில் எடுப்பது, எதை ஒதுக்குவது என்பதை மூக்கும் நாக்கும் அனுபவமும் முடிவு செய்யும் இடம் அதுதான்.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பல்ல. பல்கேரியா தேசத்தில் கசன்லிக் என்ற ஊர்ப் பக்கம் ரோஜாப் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. அங்கே அத்தர் எடுக்கிறவர்கள் முதல் வடிப்பில் வந்த தண்ணீரைக் கொட்டிவிட மாட்டார்கள். அதையே மறுபடியும் வடிப்பார்கள். அத்தரில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வடிப்பில்தான் மிதந்து வரும். ஒரு கிலோ அத்தருக்கு 3000 கிலோவுக்கு மேல் பூ வேண்டுமென்றால், அந்தத் தண்ணீரின் அருமையைக் கேட்கவா வேண்டும்!

பூவுக்குச் சொன்ன இந்த விதிதான் சாராயத்துக்கும். அக்பர் சக்கரவர்த்தியின் மந்திரி அபுல் பஸல், 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய ‘அயினி அக்பரி’யில் கரும்புச் சர்க்கரையிலிருந்து சாராயம் வடிக்கும் முறைகளை விவரித்திருக்கிறார். இரண்டு முறை வடித்ததற்கு ‘துஆதஷா’ என்று பெயராம். இரண்டு தீ கண்டது என்று அர்த்தம். அதைக் கையில் தடவி நெருப்பருகே காட்டினால் பல வர்ணங்களில் பற்றி எரியும், கை மட்டும் சுடாது என்கிறார். நீங்கள் தயவு செய்து பரீட்சை செய்து பார்க்க வேண்டாம்.

கோவாவில் இன்றைக்கும் குடும்பத் தொழிலாக இது நடக்கிறது. கோடையில் முந்திரிப் பழத்தை மிதித்துச் சாறெடுத்து, இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து வடிக்கிறார்கள். முதல் வடிப்புக்கு உர்ராக் என்று பெயர். நூற்றுக்குச் சுமார் 15 பங்குதான் சாராயச் சத்து. அதோடு புளித்த சாற்றைச் சேர்த்து மறுபடியும் வடித்தால் 40-க்கு மேல் ஏறிவிடும். அதுதான் பெனி. 2009-இல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அங்கே அது சர்க்கார் லைசென்ஸோடு நடக்கும் தொழில். இலங்கையில் தென்னங்கள்ளை இரண்டு கட்டமாக வடிக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் திக்கம் என்ற ஊரில் பனங்கள்ளுக்கென்றே ஒரு வடிசாலை ஏற்பட்டது. ஸ்காட்லாந்தில் விஸ்கி வடிக்கிறவர்கள் இரண்டாம் வடிப்பில் வருவதைத் தலை, நடு, வால் என்று மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியை மட்டுமே பீப்பாயில் அடைப்பார்கள்.

நம்முடைய ராஜ்யத்தில் கதை வேறு. 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். அந்த வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இடையிலே எத்தனையோ திருத்தங்களைக் கண்டு இன்னும் அமலில் இருக்கிறது. சர்க்காரே கடை வைத்து விற்கிற இந்தக் காலத்திலும், ஒருவர் தம் வீட்டில் சாராயம் வடிப்பது குற்றம். அதற்கென்று பானையும் குழாயும் வைத்திருப்பதும் குற்றம். என் பன்னீர்ப் பானைக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் தெருவில் இருக்கிறவர்களுக்குப் பானை தெரிகிறதே தவிர, பானைக்குள் இருப்பது தெரிகிறதா?

எதிர்வீட்டு அண்ணாச்சி நாலு விசைத்தறி வைத்திருக்கிறார். ஒரு சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நூல் விலையைப் பற்றிப் பேசினார். பிறகு மெதுவாக, “ஸார்வாள், நீங்க ஏதோ வடிக்கீங்களாமே?” என்றார்.

“ஆமாம் அண்ணாச்சி, பன்னீர்.”

“ரெண்டு தடவை வடிச்சா ரொம்பச் சுத்தமா வருமாமே? தம்பி சொல்லுதான்.”

அவருடைய தம்பியை எனக்குத் தெரியும். தறியிலே நிற்கிறவர், கைத்திறமையுள்ளவர். கூலியில் பாதி சாயங்காலமே கடைக்குப் போய்விடும். இப்போது அவருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. கடைச் சரக்கு விலை அதிகம். எங்கேயோ மலையடிவாரத்தில் ஒருவன் பாக்கெட்டில் மலிவாக விற்கிறானாம். அதில் விஷம் இருந்தாலும் இருக்கும் என்று தம்பிக்கும் தெரியும். ஆகவே அதை வாங்கி வந்து வீட்டில் மறுபடியும் ஒரு முறை வடித்துவிட்டால் விஷம் பின்னே நின்றுவிடும், நல்லது மட்டும் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். போனில் எவனோ அப்படிச் சொல்லியிருக்கிறான். செம்புக் குழாய்கூட வாங்கி வைத்தாகிவிட்டது.

“கள்ளக்குறிச்சியிலே செத்தவங்க எல்லாம் அப்படியே குடிச்சவங்க, நான் ரெண்டாந் தரம் காய்ச்சித்தானே குடிக்கப் போறேன்னு சொல்லுதான் ஸார்வாள். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை” என்றார் அண்ணாச்சி. அவர் குரல் கம்மிப் போயிருந்தது.

எனக்கும் பகீரென்றது. சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தலாம். ஆனால் சட்டத்துக்குப் பயப்படுகிறவர் மலையடிவாரத்துக்குப் போக மாட்டார். “நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, தம்பியை அனுப்புங்கள். ஒன்றும் திட்ட மாட்டேன் என்று சொல்லி அனுப்புங்கள்” என்றேன்.

தம்பி வந்தார். தலையைக் குனிந்துகொண்டு கொல்லைப்புறத்தில் நின்றார். நான் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. ஒரு பானைத் தண்ணீரில் மூன்று பொருள்களை அவர் கண்ணெதிரே போட்டேன். ஒரு கைப்பிடி உப்பு. ஒரு மூடி நீல மை. இரண்டு ஸ்பூன் நீலகிரித் தைலம். “இதில் தைலம்தான் விஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடித்தால் எது வரும், எது வராது?” என்று கேட்டேன்.

“சுத்தத் தண்ணிதான் வரும், ஸார்வாள்.”

பற்ற வைத்தோம். முதல் டம்ளர் இறங்கிற்று. பளிங்கு போல இருந்தது; நீல நிறம் இல்லை. நாக்கில் ஒரு சொட்டு வைத்தார், உப்பும் இல்லை. அவர் முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களா?” என்றார்.

“மூக்கருகே கொண்டு போங்கள்” என்றேன்.

தைலம் குப்பென்று ஏறிற்று. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“சரி, உங்கள் யோசனைப்படியே இன்னொரு தடவை வடிப்போம்.” வந்ததையெல்லாம் சேர்த்துக் கழுவின பானையில் ஊற்றி மறுபடியும் சிறு தீயில் வைத்தோம். இந்தத் தடவை முதல் டம்ளரில் தைலம் குறைந்ததா? மேலே எண்ணெய்த் திட்டாகவே மிதந்தது! முன்னைவிடப் பல மடங்கு காரம்.

தம்பி அந்த டம்ளரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப, சனியன் கூடவே வருமா ஸார்வாள்?” என்றார்.

வரும். அதைத்தான் நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நெருப்புக்கு நல்லது கெட்டது தெரியாது. எது லேசாக ஆவியாகும், எது ஆகாது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். உப்பும் மையும் ஆவியாகாதவை, நின்றுவிட்டன. தைலம் ஆவியோடு போகிற பொருள், வந்துவிட்டது. கள்ளச் சாராயத்தில் ஆளைக் கொல்லும் மெத்தனாலும் ஆவியாகிற பொருள்தான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. சாராயச் சத்து 78 டிகிரியில். மெத்தனால் ஏறக்குறைய 65 டிகிரியில். ஆகவே அதை வடித்து நீக்குவது எங்கே? அதுதான் சாராயத்துக்கு முன்னால் வண்டியேறக் காத்திருக்கிறது!

“அப்படியானால் முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் போயிற்று” என்று நீங்கள் கேட்பீர்கள். தம்பியும் அதையே கேட்டார். தனித் தனியாக இருந்தால் அந்தக் கணக்குச் சரி. ஆனால் தண்ணீரிலும் சாராயத்திலும் கலந்துவிட்ட மெத்தனால், சொன்ன டிகிரியில் தனியே எழுந்து போய்விடாது. முதல் சொட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி வந்துகொண்டே இருக்கும். முதல் கிண்ணத்தைக் கொட்டினால் கொஞ்சம் போகும். மீதி உங்களுக்காக நிற்கும். தொழிற்சாலைகளில் பிரிக்கிறார்கள் என்றால், அது உயரமான கோபுரம் போன்ற கருவிகளில், அளந்து பார்த்துச் செய்கிற வேலை. அடுப்படிப் பானையில் ஆகாது. மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. மெத்தனாலும் சாராய வாசனையாகத்தான் இருக்கும்.

கோவாக்காரருக்கு இரண்டாம் வடிப்பு பலிக்கிறதே என்றால், அவர் பானையில் முதலில் போனது என்னவென்று அவருக்குத் தெரியும். தம் தோட்டத்து முந்திரிப் பழம். பாக்கெட்டில் வாங்குகிறவருக்கு என்ன தெரியும்? 2023 மே மாதத்தில் மரக்காணத்துப் பக்கத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்தது என்ன? தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனாலை யாரோ கொண்டுவந்து கலந்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் சட்டத்தைத் திருத்தி, சாவுக்குக் காரணமான கள்ளச் சாராய வியாபாரிக்கு ஆயுள் தண்டனையும் 10 லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு என்று ஆக்கினார்கள். தண்டனை வரலாம். போன கண் வராது.

கண்ணைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மெத்தனால் வயிற்றுக்குள் போன உடனே கொல்வதில்லை. ஈரல் அதை மெல்ல மெல்ல மாற்றுகிறது. கடைசியில் பார்மிக் அமிலமாகிறது; எறும்புக் கடியில் இருக்கிற அதே அமிலம். அது கண் நரம்பைப் பிடிக்கிறது. இதற்கு அரை நாள் ஆகலாம். ஒரு நாள்கூட ஆகலாம். குடித்தவர் தூங்கி எழுந்து, “ஒன்றும் ஆகவில்லையே” என்று சிரித்துக்கொண்டிருப்பார். பிறகு வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்கல்; பார்வை பனிமூட்டம் போல மங்கும். அந்த நிலையில் மோரைக் கொடுப்பதும், எலுமிச்சம் பழத்தைப் பிழிவதும், தூங்கினால் தெளியும் என்று போர்த்தி விடுவதும் ஆளைக் கொல்கிற உபசாரங்கள். ஆஸ்பத்திரியில் இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிஸிஸ் இருக்கிறது. நேரம்தான் மருந்து. மானத்துக்கும் போலீஸுக்கும் பயந்து வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல், 108-க்குப் போன் செய்து, என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பெண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இந்தச் சமயத்தில் ஓட வேண்டியவர்கள் அவர்கள்தானே!

தம்பி அன்றைக்குப் போகும்போது வாசலில் நின்று இன்னொரு கேள்வி கேட்டார். “மூணு தடவை, நாலு தடவை வடிச்சா?”

“எத்தனை தடவை வேண்டுமானாலும் வடியுங்கள். சாராயத்தோடு ஒட்டின தண்ணீரைக்கூட நெருப்பால் முழுக்கப் பிரிக்க முடியாது. எடையில் நூற்றுக்கு 95.6 பங்கு சாராயம் என்கிற இடத்துக்கு வந்ததும் இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒன்றாகவே ஆவியாகும். தண்ணீர் விஷயத்திலேயே இப்படி” என்றேன்.

மறுநாள் காலையில் என் வீட்டுத் திண்ணையில் ஒரு புதுச் செம்புக் குழாய் கிடந்தது. கடைக் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், “உங்ககிட்டேயே இருக்கட்டும் ஸார்வாள். பன்னீருக்கு ஆகும்” என்றார்.

அதோடு தம்பி குடியை விட்டுவிட்டார் என்று முடித்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கும் அப்படி எழுத ஆசைதான். ஆனால் விடவில்லை. மலையடிவாரத்துப் பாக்கெட் யோசனையைத்தான் விட்டார். போதை மீட்புச் சிகிச்சைக்கென்று இரண்டு தடவை பஸ் ஏறினார். இரண்டு தடவையும் பாதி வழியில் இறங்கி வந்துவிட்டார். அண்ணாச்சி அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த தடவை தாமே கூடப் போவதென்று தறிகளை இரண்டு நாளைக்கு நிறுத்த ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். தை பிறந்ததும் புறப்படுகிறார்கள்.